45,000 வெள்ளி ஏன் நகரவில்லை?

கேள்வி: என் சேமிப்புக் கணக்கில் 80,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது. ஊரில் தம்பி வீடு வாங்க 45,000 அனுப்ப வேண்டும். புதுக் கைத்தொலைபேசியில் வங்கிச் செயலியைப் போட்டால் 12 மணி நேரம் பொறுக்கச் சொன்னது. பிறகு அனுப்பினால் ‘பரிசீலனையில்’ என்று நிற்கிறது. தெரிந்த ஏஜென்ட் அரை மணியில் அனுப்பிவிடுவார் என்கிறார் நண்பர். கொடுக்கலாமா? – யீஷூன் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் பணம் எதில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்போம்.

2014இல் வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் மாற்றும் ஃபாஸ்ட், 2017இல் கைத்தொலைபேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ் வந்தபின் பணம் நொடிகளில் கைமாறுகிறது. திருடனுக்கும் அதே வேகம்தான். 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி சுமார் 790 பேர் 1.37 கோடி வெள்ளியை இழந்தார்கள். போலிப் பக்கத்தில் அவர்கள் தட்டிய விவரங்களே கணக்கைத் திறந்துவிட்டன. அதன்பின் வந்ததுதான் புது டோக்கனுக்கு, அதாவது உங்களை அடையாளம் காட்டும் செயலிச் சாவிக்கு, 12 மணி நேரக் காத்திருப்பு. அதற்குள் புதுப் பெறுநரைச் சேர்க்கவோ வரம்பை உயர்த்தவோ முடியாது.

இரண்டாவது தடை 2025 அக்டோபர் 15 முதல் இருக்கிறது. 50,000 வெள்ளியோ அதற்கு மேலோ உள்ள கணக்கிலிருந்து 24 மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் இணையவழி வெளியேறினால், பெரிய வங்கிகள் அதை 24 மணி நேரம் நிறுத்தி வைக்கும், அல்லது நிராகரிக்கும். உங்களுக்குப் பாதி 40,000. நீங்கள் அனுப்பியது 45,000. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்தாலும் பலனில்லை, கூட்டிப் பார்ப்பார்கள். நிறுத்தி வைத்திருந்தால் காத்திருங்கள். நிராகரித்திருந்தால் இன்று 25,000, 24 மணி நேரம் கழித்து 20,000 அனுப்பிப் பாருங்கள்; அல்லது வீட்டுப் பத்திரத்தின் நகலோடு கிளைக்குப் போங்கள்.

நிறுத்துவதை நான் குறை சொல்லவில்லை. விசாரணை, இழப்பீடு, ஆள்பலம் எல்லாவற்றையும் கணக்கிட்டால் ஒரு நாள் தாமதம் வங்கிக்கு மலிவு. ஆனால் ஏன் நிறுத்தினோம், எப்போது விடுவோம் என்று ஒரு வரி எழுதக் கூடவா முடியவில்லை? அந்த வரி இல்லாததால்தான் வாடிக்கையாளர் மூன்று முறை அழைக்கிறார். மிச்சமான செலவு அழைப்பு மையத்தில் கரைகிறது. வாடிக்கையாளரோ பொறுமையிழந்து ஏஜென்ட்டிடம் ஓடுகிறார்!

அந்த ஏஜென்ட் பெரும்பாலும் “பேநவ் பண்ணுங்க” என்பார். திரையில் வரும் பெயரைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இல்லாமல் யாரோ ஒரு தனிமனிதரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் அனுப்பும் கடைக்கு உரிமம் உண்டா என்பதைச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பட்டியலில் சரிபார்க்கலாம். அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் விதி ஒன்று உண்டு. 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் உள்ள பகிர்ந்த பொறுப்புக் கட்டமைப்பின்படி, வங்கி தன் கடமையில் தவறினால் இழப்பை அது ஏற்க வேண்டும். ஆனால் போலி இணையப் பக்கத்தில் விவரங்களைத் திருடி, உங்களுக்குத் தெரியாமல் பணத்தை எடுத்தால்தான் அது பொருந்தும். ஏமாற்றப்பட்டிருந்தாலும், ‘அனுப்பு’ என்று அழுத்திய விரல் உங்களுடையது என்றால் பொருந்தாது. ஏஜென்ட்டுக்கு நீங்களே அனுப்பிய பணம் இந்த இரண்டாவது வகை.

இன்னொன்று. இப்போது “வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தை விடுவிக்கிறோம்” என்று யாராவது அழைத்தால் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அழைத்தது மோசடிக்காரனோ என்ற சந்தேகம் இருந்தால் மோசடி உதவி எண் 1799ஐ அழையுங்கள்.