கடல் நீர்த் தொட்டியில் கை வைத்தால் சுருக்கென்கிறது. விரலில் உள்ள கீறலில் உப்பு படுவதாலா, மின்கசிவா?

மின்கசிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் படிப்பதற்கு முன் மெயினை அணைத்து, தொட்டிக்குப் போகும் எல்லா பிளக்குகளையும் உருவிவிட்டு வாருங்கள்.

கீறலாக இருக்குமோ என்று நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதறியது. அதையேதான் நான் என் அம்மாவிடம் பதிலாகச் சொன்னேன்.

எங்கள் வீடு கேரள எல்லையில், களியக்காவிளைக்குப் பக்கம். விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்தைப் பார்த்ததிலிருந்து பிடித்த ஆசை. நீரோடியிலிருந்து கேன்களில் கடல் நீர் கொண்டுவந்து, 200 லிட்டர் தொட்டியில் 2 கோமாளி மீன்களும் கொஞ்சம் இறால்களும் வளர்த்தேன்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதும் மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், அடிக்கடி விழுந்தது. எங்கள் பக்கம் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றுதான் சொல்வோம். வந்த எலக்ட்ரீஷியன், "மழை ஈரத்துக்குச் சும்மா விழுகிறது" என்று சொல்லி, அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துப் போனார். நானும் நிம்மதியாகப் பணம் கொடுத்து அனுப்பினேன்.

அது சும்மா விழவில்லை. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் உப்புப் பூத்திருந்தது. குமிழி உடையும்போது தெறிக்கும் துளிகள் காய்ந்து உப்பாகின்றன. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் வெறும் வெள்ளைப் பொடி, மழைக் காலத்தில் மின்சாரம் நடக்கும் வழி.

அதற்குப் பின் இறால்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. கொண்டுவந்த தண்ணீரைத்தான் பழி சொன்னேன்.

ஒரு காலையில் மீனுக்குத் தீனி போட்ட அம்மா, "மக்களே, இந்தத் தண்ணீர் கடிக்கிறது" என்றார். நான் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) சீவியபோது பட்ட கீறல் இருந்தது. "உப்பு எரிகிறது அம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். என் காலில் ரப்பர் செருப்பு இருந்ததையும், அவர் அப்போதுதான் துடைத்த சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்றதையும் நான் யோசிக்கவே இல்லை.

நான்காம் நாள் அவர் தரையில் சரிந்து கிடந்தார். தூக்க ஓடிய என்னை, "தொடாதே, மெயினை அணை" என்று தடுத்தது அவர்தான். இ.சி.ஜி.யில் கோளாறு இல்லை. இடுப்பில் பட்ட அடிக்கு மூன்று வாரம் படுக்கை.

தொட்டி நீருக்குள் இருந்த மோட்டாரின் வயர் கண்ணாடி விளிம்பில் மடியும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதன் வழியாக உப்பு நீர் ஏறி, உள்ளே ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு பச்சைக் களிம்பாகியிருந்தது. இறால்களைக் கொன்றது அந்தச் செம்புதான் என்று நம்புகிறேன். மீன் தாங்கும் அளவுச் செம்பை இறாலும் நத்தையும் தாங்காது. உங்கள் தொட்டியிலும் அப்படிச் சாவு இருந்தால் வயர்களைத் தடவிப் பாருங்கள்.

மீன்கள் நன்றாக நீந்துகின்றனவே, கரண்ட் இருந்தால் செத்திருக்காதா என்று பலர் கேட்பார்கள். மின்கம்பியில் உட்கார்ந்த காக்கை சாகிறதா? கண்ணாடித் தொட்டியிலிருந்து மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. நாம் கை வைத்தால் நாம்தான் வழி. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள நீர் அது. எர்த் குழியில் கரியோடு உப்பையும் கொட்டுவது எதற்கு என்று நினைத்துப் பாருங்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்றும் ஆறுதல் கொள்ள வேண்டாம். 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும் அந்தச் சுவிட்சுக்கு, ஓர் ஆளைக் கொல்லும் சில பத்து மில்லி ஆம்பியர் கண்ணிலேயே படாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றுக்குத்தான் அது தெரியும்.

டெஸ்டர் மங்கலாக எரிவதெல்லாம் கசிவல்ல, பக்கத்து வயர்களின் தூண்டலால் வரும் வலுவற்ற மின்னழுத்தமாக இருக்கலாம் என்று படித்தவர்கள் வருவார்கள். சரிதான். ஆனால் உங்களுக்குச் சுருக்கென்றது டெஸ்டரில் அல்ல, கையில்.

இப்போது புதிய ஆர்.சி.சி.பி. போட்டு, மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துகிறேன். பிளக்குகள் எல்லாம் தொட்டிக்கு மேலே சுவரில். ஒவ்வொரு வயரும் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கிப் பிறகு ஏறும். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தண்ணீரில் ஒரு டைட்டானியம் கம்பி எர்த்தோடு இணைந்திருக்கிறது. அது ஆபத்து என்பார்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் ஆபத்துதான், ஒப்புக்கொள்கிறேன். இருக்கும் வீட்டில், கசிவு பெரிதானால் யாரும் கை வைக்கும் முன்பே ஆர்.சி.சி.பி. விழும்.

இதையும் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அந்த மோட்டாருக்கு உத்தரவாதக் காலம் முடியவில்லை. திருவனந்தபுரம் எங்களுக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டர். எடுத்துப் போனால், "தமிழ்நாட்டு முகவரி, மதுரைக்குப் போங்கள்" என்றார்கள். மதுரை 250 கிலோமீட்டருக்கும் மேல். 1956 நவம்பர் 1-இல் எங்கள் விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் உடைந்த ஒரு பொருளை வாங்கிக்கொள்ளக்கூட எல்லைக் கோடு பார்ப்பது என்ன நியாயம்? கெட்டுப்போன மிக்சிக்கும் மின்விசிறிக்கும் இதே அலைச்சல்தான்.

மோட்டார் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. தெரியாமல் யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி வயரை அடியோடு வெட்டிவிட்டேன்.