வட அமெரிக்காவின் ராக்கி மலையில், பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கைத் தோலுக்காக வேட்டையாடியவர்கள் என்ன சரக்கு வைத்திருந்தார்கள், எங்கே வாங்கினார்கள்?

வாங்கியது பெரும்பாலும் மலைக்குள்ளேயே. 1825 முதல் 1840 வரை ஏறக்குறைய கோடைதோறும் ஒரு சந்தை கூடியது. கிழக்கே மிசௌரியிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து சரக்கு வரும், பீவர் தோல் திரும்பிப் போகும்.

முதல் தேவை இரும்புப் பொறி. ஒன்று சுமார் 5 பவுண்டு எடை, ஆளுக்கு ஐந்தாறு. அதற்கு இரை, பீவரின் சுரப்பியிலிருந்தே எடுத்த வாசனைத் திரவம். அப்புறம் வெடிமருந்து, ஈயக்கட்டி, குண்டு வார்க்கும் அச்சு, கத்தி, கம்பளி, புகையிலை. உணவு என்று அதிகம் சுமக்கவில்லை; பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமையின் கறிதான் சாப்பாடு. காபி, சர்க்கரை எல்லாம் ஆடம்பரம்.

விலைதான் கொடுமை. சந்தையை 1825-இல் தொடங்கிய தோல் வியாபாரி வில்லியம் ஆஷ்லி, 1826-இல் தன் தொழிலை ஜெடிடையா ஸ்மித் உள்ளிட்ட மூன்று வேட்டைக்காரர்களுக்கு விற்றார். அவர்களுக்கே அவர் போட்ட விலை: பொறி 9 டாலர், காபி பவுண்டு ஒன்றேகால் டாலர், சர்க்கரை 1 டாலர். பீவர் தோலுக்கோ பவுண்டுக்கு 3 டாலர். ஒரு தோல் சுமார் ஒன்றரை பவுண்டு; ஆக, ஒரு பொறிக்கு இரண்டு தோல்! வேட்டைக்காரன் கைக்கு வரும்போது விலை இன்னும் ஏறியிருக்கும். சில்லென்ற நீரில் நின்று உழைத்தவர்களில் பலர் கடனோடு திரும்பினார்கள்.

பூர்வகுடிகளோடு மாற்றிக்கொள்ள ஊசி, பாசிமணி, சிவப்புத் துணி, முகத்தில் பூசும் சிவப்புச் சாதிலிங்கப் பொடி ஆகியவையும் வைத்திருந்தார்கள்.