மீட்புச் சிகிச்சை முடிந்து வருபவரின் வீட்டில் நலாக்சோன் வைத்திருப்பது அவநம்பிக்கையா?

அபினி வகைப் போதைக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் தம்பிக்காக, போதைப்பொருள் அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை மீட்கும் அவசர மருந்தான நலாக்சோனை வாங்கி வைக்கும்படி மருத்துவர் சொன்னதாகவும், அப்படிச் செய்தால் ‘நீ மறுபடியும் தொடுவாய் என்று எங்களுக்குத் தெரியும்’ என அவரிடம் சொல்வதுபோல் ஆகிவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மீட்பு மையம் ஒன்றில் ஆலோசகராகப் பணிபுரியும் நான் இதே தயக்கத்தைப் பல குடும்பங்களிடம் கண்டிருக்கிறேன். வாங்கி வையுங்கள் என்பதே என் பதில். ஆனால் அவருக்குத் தெரியாமல் வைக்காதீர்கள்.

சிகிச்சைக்குப் போகும் முன்பு இருந்ததைவிட, அது முடிந்து வந்த முதல் சில வாரங்களில்தான் போதைப்பொருளை அளவு மீறி எடுத்து இறக்கும் ஆபத்து அதிகம் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை மூளைத் தண்டில் மூச்சை நடத்தும் பகுதியை மந்தமாக்குகின்றன. தொடர்ந்து பயன்படுத்துபவரின் உடல் இதற்கு ஓரளவு பழகிக்கொள்கிறது. அந்தத் தாங்குதிறன், பயன்பாடு நின்ற சில நாட்களிலேயே குறையத் தொடங்குகிறது. உடல் மறந்துவிட்ட அளவை மனம் மறப்பதில்லை. ஒரு மாதம் விலகியிருந்தவர் ஏதோ ஒரு மோசமான மாலையில் பழைய அளவையே எடுத்துக்கொண்டால், முன்பு அவரைத் தள்ளாடக்கூட வைக்காத அந்த அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம்.

இது வெறும் அனுமானமன்று. லண்டனில் உள்நோயாளிகளாக நச்சு நீக்கச் சிகிச்சை பெற்ற 137 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வில், முதல் சில மாதங்களில் அளவு மீறி இறந்த மூவருமே சிகிச்சையை ஒழுங்காக முடித்துத் தாங்குதிறனை இழந்தவர்கள். பாதியில் ஓடிப்போனவர்கள் அல்லர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதைப்பொருள் மிகையால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைப்போல் 129 மடங்கு என்று கணக்கிட்டது. ஆகவே மருத்துவர் உங்கள் தம்பியின் மன உறுதியை எடைபோட்டு அந்த மருந்தைச் சொல்லவில்லை. அவருடைய உடல் இப்போது இருக்கும் நிலையைப் பார்த்தே சொன்னார்.

நலாக்சோன் அபினி வகைப் பொருள்களை மூளையில் அவை ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளிலிருந்து விலக்கி, அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. மூக்கில் தெளித்தாலும் தசையில் ஊசியாகப் போட்டாலும் சில நிமிடங்களில் மூச்சு திரும்பத் தொடங்கும். அதனால் போதை ஏறாது, அதற்கு யாரும் அடிமையாவதுமில்லை. அபினி வகைப் பொருள் உடலில் இல்லாதவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் குறிப்பிடத்தக்க தீங்கு நேராது. ஒருவர் போதைப்பொருளை அளவு மீறி எடுத்துவிடுவதை நேரில் காண வாய்ப்புள்ள குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்கும் இது கிடைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014இலேயே பரிந்துரைத்தது.

மருந்து கையில் இருந்தும் உயிர் போவதற்குக் காரணம், பெரும்பாலும் நடப்பது என்னவென்று அருகிலிருப்பவர்களுக்குப் புரியாததே. ‘குறட்டை விட்டுத் தூங்கினான், எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டோம்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தொண்டையில் நீர் கொதிப்பதுபோன்ற அந்த ஒலி, மூச்சுப்பாதை அடைபடுவதன் அறிகுறி. பெயர் சொல்லி உரக்க அழைத்தும், நெஞ்செலும்பில் விரல் முட்டிகளால் அழுத்தித் தேய்த்தும் விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது அல்லது நின்றுவிட்டது, உதடும் நகமும் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுகின்றன, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் தாமதிக்காமல் அவசர ஊர்தியை அழையுங்கள், மருந்தைக் கொடுங்கள். அது வேலை செய்யும்வரை, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து வினாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். மூச்சு சீரானதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் மாற்றம் தெரியாவிட்டால் மறுபடியும் கொடுக்கலாம். தண்ணீர் ஊற்றுவது, கைத்தாங்கலாக நடக்க வைப்பது, பால் புகட்டுவது ஆகியவற்றால் நேரம்தான் வீணாகும்.

விழித்தெழுபவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். சில நிமிடங்களில், போதைப்பொருளின் விளைவு திடீரென நிற்பதால் வரும் விலகல் துன்பம் முழுதாகத் தாக்குவதால் அவர் வாந்தி எடுக்கலாம், கோபப்படலாம், கூடுதலாக எடுக்கவும் முற்படலாம். நலாக்சோனின் ஆற்றல் 30 முதல் 90 நிமிடங்களில் தேய்ந்துவிடும். அதற்குப் பின்னும் போதைப்பொருள் உடலில் இருந்தால் மூச்சு மறுபடியும் அடங்கலாம். எனவே எழுந்துவிட்டார் என்றாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மதுவும் தூக்க மாத்திரைகளும் சேர்ந்திருந்தால் ஆபத்து பன்மடங்காகும். அவற்றின் விளைவை இந்த மருந்து மாற்றாது.

போதை நாட்டத்தைக் கட்டுப்படுத்த மருத்துவர் தரும் அபினி வகை மருந்துகளான மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் கொண்ட தொடர் சிகிச்சை தம்பிக்குப் பொருந்துமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா’ என்று உறவினர்கள் முகம் சுளிக்கலாம். எனினும் இந்த மருந்துகளில் தொடர்பவர்களின் இறப்பு விகிதம் வெகுவாகக் குறைகிறது, இரண்டும் 2005 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன.

தம்பியிடம் இதை அவர் வீடு திரும்பிய முதல் நாட்களிலேயே, சண்டையில்லாத நேரத்தில் பேசிவிடுங்கள். அவரிடம் வாக்குறுதி எதுவும் கேட்க வேண்டாம். உடலின் தாங்குதிறன் போய்விட்டது, பழைய அளவு இப்போது உயிருக்கு ஆபத்து, எப்போதாவது தவறிவிட்டால் தனியறையில் தாழிட்டுக்கொள்ளாமல் யாரையாவது அழைக்க வேண்டும், அழைத்தால் திட்டு விழாது என்று சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதை நீங்கள் காப்பாற்றியாக வேண்டும், ஏனெனில் தனியாக இருப்பவரால் தனக்குத்தானே நலாக்சோன் கொடுத்துக்கொள்ள முடியாது. மருந்தை எல்லாரும் அறிந்த, பூட்டில்லாத இடத்தில் வைத்து, காலாவதி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்; வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் அதைப் பயன்படுத்தும் முறையை ஒருமுறையாவது மருத்துவரிடமோ செவிலியரிடமோ நேரில் கற்றுக்கொள்ளட்டும்.