கேளுங்க, சொல்றேன்: “அங்கே எதுக்குப் போனாங்க?”

வாசகி, பட்டர்வொர்த்: போன வாரம் வீட்டில் எல்லாரும் சேர்ந்து ‘நேர்கொண்ட பார்வை’ பார்த்தோம் அக்கா. மூன்று பெண்கள் இசை நிகழ்ச்சிக்குப் போய், அறிமுகமான பையன்களோடு ரிசார்ட்டில் உட்கார்ந்து குடிக்க, ஒருத்தன் அத்துமீற, அவள் பாட்டிலால் அடித்துவிட, கடைசியில் கொலை முயற்சி வழக்கு அவள் மேலேயே பாய்கிறதே, அந்தப் படம். பாதியில் மாமனார், “அந்த நேரத்துல அங்கே எதுக்குப் போனாங்க?” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும்தான். அப்புறம் தூக்கமே வரவில்லை. அந்தக் கேள்வி தப்பா?

பதில்: அந்தப் பையன்களைப் பார்த்துக் கேட்டிருந்தால் நல்ல கேள்விதான். அவர்களும் அதே நேரம், அதே ரிசார்ட், அதே பாட்டிலோடுதானே இருந்தார்கள். ஆனால் நம் வீடுகளில் அந்தக் கேள்வி ஒரு பக்கமாக மட்டும்தான் போகும். ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் அண்ணன் மாமாக் சாப்பாட்டுக் கடையில் பந்து விளையாட்டு பார்த்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு வருவான், அம்மா எழுந்து குழம்பைச் சூடு பண்ணி, ஒரு முட்டையும் பொரித்து வைப்பார். நான் பட்டர்வொர்த்தில் வேலை முடிந்து ஒரு ஃபெர்ரியைத் தவறவிட்டு பத்தரைக்கு வந்தால் வாசல் விளக்கு எரியும், அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பக்கத்து வீட்டு ஜன்னலில் திரைச்சீலை லேசாக ஆடும். “ஏன் லேட்டு?” என்று யாரும் கேட்கமாட்டார்கள். “யாரோட வந்தே?” என்பதுதான் கேள்வி.

படத்தில் கோர்ட் நடக்கிறது என்று நினைக்கிறோம், நடப்பது நம் வீட்டு ஹால்தான். உடை, குடி, சிரித்துப் பேசியது, வீட்டை விட்டுத் தனியாக வாழ்வது என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதெல்லாம் நம் அத்தைமார்கள் கல்யாண வீட்டில் பேசுவதுதான், கறுப்புக் கோட்டு மட்டும் கூடுதல். எனக்கு அந்தப் படத்தில் மறக்காத இடம் பெண்களின் வக்கீலாக வரும் ஹீரோ பேசுவது இல்லை. பணம் வாங்கினீர்களா, வாங்கினீர்களா என்று குடைந்து குடைந்து கேட்க, மூவரில் ஒருத்தியான ஃபமிதா தாங்கமுடியாமல் ஆமாம் வாங்கினோம் என்று வெடிப்பாள். வாங்கியிருக்கமாட்டாள். சரி, வாங்கினதாகவே வைத்துக்கொள், அதற்குப் பிறகு மீரா, பாட்டிலால் அடித்தவள், வேண்டாம் என்றாள், அவன் விடவில்லை, இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் அவள் கேள்வி. தன் பேரையே பணயம் வைத்துக் கேட்கிறாள். 2019 ஆகஸ்டில் கோலாலம்பூரில் ஒரு மாலில் பார்த்தேன், சண்டைக்கு விசில் பறந்த அதே தியேட்டரில் அந்த இடத்தில் பாப்கார்ன் சத்தம்கூட இல்லை. நல்ல பெண்ணாக இருந்தால்தான் ‘வேண்டாம்’ செல்லும் என்று நாம் வைத்திருக்கிற கணக்கு அங்கேதான் உடைகிறது. மாமனாரிடம் சண்டை போடவேண்டாம், அடுத்த தடவை அந்தக் காட்சி வரும்போது டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

வாசகர், கிள்ளான் லாமா ரோடு: இந்தி ‘பிங்க்’ நல்லதா, தமிழா?

பதில்: தமிழுக்கு மூலம் இந்திதான். 2016-இல் அமிதாப் செய்த அதில் வக்கீல் வயதானவர், சோர்ந்தவர், அதனால் அந்தப் பெண்கள் கண்ணுக்கு நிறையத் தெரிவார்கள். தமிழில் இயக்கிய எச். வினோத் அஜித்துக்காக ஒரு சண்டையும் வித்யா பாலனோடு ஒரு பழைய கதையும் சேர்த்தார், எனக்கு இரண்டுமே வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்காக டிக்கெட் எடுத்த பையன்கள் கோர்ட் காட்சிக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்தார்களே, அதுக்காகச் சும்மா விட்டுவிடலாம். மூன்று பெண்களில் ஒருத்தியாக ஆண்ட்ரியா தரியாங் இரண்டிலும் இருக்கிறார். தலைப்பு பாரதி கொடுத்தது, ‘நிமிர்ந்த நன்னடை நேர்கொண்ட பார்வை’. நம் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் அதை முழங்கிக் கோப்பை வாங்கின பிள்ளையைத்தான் வீட்டுக்கு வந்ததும் “குனிஞ்சு நட” என்கிறோம்.

வாசகி, செந்தூல்: மலேசியக் கோர்ட்டிலும் ஒரு பெண்ணை இப்படியெல்லாம் கேட்பார்களா?

பதில்: கற்பழிப்பு வழக்கில் புகார் கொடுத்தவளின் பழைய உறவுகளைக் கிளறக்கூடாது என்று நம் சாட்சியச் சட்டத்தில் 146ஏ பிரிவு இருக்கிறது, 1989-இல் சேர்த்தது. விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் பெரிய கதவு அது. இந்தியாவிலும் பெண்ணின் ‘ஒழுக்கம்’ பற்றிக் கேட்க வழி விட்ட பழைய பிரிவை 2002 கடைசியில்தான் எடுத்தார்கள். படத்தில் சிக்கல் என்னவென்றால் மீரா அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள், வழக்கு கொலை முயற்சி. நம் 146ஏ கற்பழிப்பு வழக்குக்கு மட்டும்தான். இன்னொன்று கவனித்தீர்களா, படத்தில் அவளுடைய கன்னித்தன்மை பற்றிக் கேட்பதே அவளுடைய சொந்த வக்கீல்தான், எதிராளி கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்று.

இன்னொரு விஷயம், நம் தண்டனைச் சட்டமும் இந்தியாவின் 1860 சட்டத்தைப் பார்த்து வந்ததுதான். அதனால் கொலை முயற்சி அந்தச் சட்டத்திலும் 307, இங்கேயும் 307. கற்பழிக்க வருகிறவனைத் தடுக்க உயிர் போகிற அளவுக்குக்கூட அடிக்கலாம் என்ற 100-வது பிரிவும் இரண்டிலும் உண்டு. இந்தியாவில் 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டம், எண்கள் மாறிவிட்டன. நம்மிடம் அதே பழைய எண்தான்.

தம்பி ஒருவர், பாயான் லெப்பாஸ்: எல்லாத்துக்கும் கேட்டுக் கேட்டு நடந்தா காதல் என்ன காதல் அக்கா? மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்களே.

பதில்: அது பெண் பார்க்க வந்த இடத்தில், சொஜ்ஜி பஜ்ஜிக்கு நடுவில் பெரியவர்கள் சொன்னது தம்பி. அங்கேயும் பல பேருக்கு அது சம்மதமாக இருந்ததில்லை, என் சித்தியைக் கேட்டால் சொல்லுவார். பயத்தில் சொன்ன சரியும், என்ன நடக்கிறதென்று புரியாத அளவு போதையில் சொன்ன சரியும் சம்மதமே இல்லை என்று நம் தண்டனைச் சட்டத்தின் 90-வது பிரிவு சொல்கிறது. நண்பனிடம் “தே தாரிக் சாப்பிடுறியா?” என்று கேட்கிறாய், வேண்டாம் என்றால் அவன் வாயைத் திறந்து ஊற்றுகிறாயா? கேட்டதனால் நட்பு கெட்டதா?

வாசகர், ரவாங்: இது ஆண்களுக்கு எதிரான படம்தானே?

பதில்: காப்பாற்றுகிறவரும் ஆண், தீர்ப்புச் சொல்கிறவரும் ஆண். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?

பெயர் வேண்டாம் என்ற வாசகி, கேஎல்: படத்தின் கடைசியில் மனைவி சொன்னாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்கிறார்கள். நிஜத்தில் அது உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மற்ற விவரங்களை இங்கே போடவில்லை. நேராகச் சொல்கிறேன், நம் சட்டத்தில் கணவன் மனைவிக்குள் நடப்பதைக் கற்பழிப்பு என்று சொல்லமுடியாது, 375-ஆம் பிரிவிலேயே விலக்கு எழுதியிருக்கிறார்கள். ஆனால் உடலுறவுக்காக மனைவியை அடித்தாலோ, காயப்படுத்தினாலோ, அப்படிச் செய்வேன் என்று பயமுறுத்தினாலோ 375ஏ உண்டு, ஐந்து ஆண்டு வரை சிறை. ரொம்பப் போதாது, எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றுமே இல்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் இதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது, போலீஸ் ரிப்போர்ட் கையில் இல்லாவிட்டாலும் முதலில் அங்கே போகலாம். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, எந்த நேரமும் எடுப்பார்கள். போனில் யாராவது பார்ப்பார்கள் என்று பயமாக இருந்தால் பேசி முடித்ததும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். முடிந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், அதைப் பத்திரிகையில் போடமாட்டேன்.