எட்டு வயசுப் பையனும் ஆறு மணி நேர அட்டவணையும்

பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு, காலை 9 முதல் 3 வரை அட்டவணை போட்டும் பையன் புத்தகத்தைப் பார்த்தாலே ஓடுறான், வகுத்தல் சுத்தமா வரலைன்னு எழுதியிருக்கீங்க. கோளாறு அட்டவணையிலதாங்க. ஆறு மணி நேரம் என்பது நாற்பது பிள்ளைகளை வச்சு மேய்க்கிறதுக்கு. ஒத்தப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரமே தாராளம். கணக்கு 20 நிமிஷம், வாசிப்பு 20, எழுத்து 15. நடுநடுவே ஓடட்டும்.

வகுத்தலுக்கு நோட்டை மூடி வைங்க. 23 புளியங்கொட்டை, நாலு கிண்ணம். ஒவ்வொண்ணா சுத்திப் போடச் சொல்லுங்க: கிண்ணத்துக்கு 5, கையில மிச்சம் 3. எண்ணிக்கையை மாத்தி மாத்தி ஒரு வாரம் இதே விளையாட்டு. அப்புறம்தான் தாள். தாளில் தடுமாறினா வகுத்தலைத் திட்டாதீங்க. 52-ல எத்தனை பத்து, எத்தனை ஒன்றுன்னு கேளுங்க. முழிச்சான்னா இடமதிப்பே ஆட்டம் காணுது, அங்கிருந்து தொடங்கணும். வாய்ப்பாட்டில் 2, 5, 10 முதலில், 7-க்கு அவசரமில்லை.

"பத்தாவது எப்படி?"ன்னு சொந்தக்காரங்க குடைவாங்க. 14 வயசு நிறைஞ்சதும், பள்ளிக்குப் போகாமலே பத்தாவது தேர்வு எழுத வழிசெய்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (NIOS) சேரலாம், ஐந்து பாடம் எழுதணும். மாற்றுச் சான்றிதழை மட்டும் பழைய பள்ளியில இப்பவே வாங்கிடுங்க.