மலை வீட்டு அடுப்படிச் சுவருக்கு எந்த டைல்ஸ்? கேள்வி பதில்

குன்னூரில் டைல்ஸ் மேஸ்திரியாக வேலை பார்க்கிறேன். மேடைக்கு மேலே, அடுப்புக்குப் பின்னால் ஒட்டுகிற டாடோ டைல்ஸ் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கோத்தகிரியிலிருந்து ஓர் அக்கா: மேட்டை வெட்டிக் கட்டிய வீடு தம்பி. அடுப்படிப் பின்சுவர் மண்ணை ஒட்டியே இருக்கு. போன ஐப்பசி மழையில ரெண்டு டைல்ஸ் தானா கழன்று விழுந்துடுச்சு. விட்ரிஃபைட் போட்டா நிக்குமா?

டைல்ஸை அப்புறம் பார்க்கலாம் அக்கா, முதலில் சுவரைப் பார்ப்போம். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அடித்துப் பெய்யும். மேட்டு மண் குடித்த தண்ணீரெல்லாம் சுவருக்குள் இறங்கும். அந்த ஓதம் எவ்வளவு விலையுள்ள டைல்ஸையும் பின்னாலிருந்து நெம்பிவிடும்.

டைல்ஸ் விழுந்த இடத்தில் ஓரடிச் சதுரத்துக்குப் பாலிதீன் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். உரிக்கும்போது சுவரைத் தொட்ட பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால், அது மேட்டிலிருந்து வருகிற ஓதம். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால், சமையல் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது; அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேனே போதும்.

ஓதம்தான் என்றால் வீட்டுக்குப் பின்னால் தரைமட்டத்துக்குக் கீழே வாய்க்கால் எடுத்து, துளைக் குழாய் பதித்து, மேலே ஜல்லி நிரப்பி, தண்ணீரைச் சரிவில் கொண்டுபோய் விட வேண்டும். மாசி, பங்குனியில் செய்யுங்கள். மேட்டின் அடியை ஒரே நாளில் நீளத்துக்கும் தோண்ட யாரையும் விடாதீர்கள், மண் சரிந்துவிடும். இன்ஜினியரிடம் காட்டிவிட்டு, துண்டு துண்டாக எடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் டைல்ஸ்.

விட்ரிஃபைட் தண்ணீரை அநேகமாகக் குடிக்காத டைல்ஸ். அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. டைல்ஸ் ஒட்டும் பசைதான் வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்து அழுத்துகிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அப்படி ஒட்டிய ஒன்றை ஒரு வீட்டில் பெயர்த்தபோது, ஐந்து உருண்டைகளுக்கும் நடுவே கறுப்பாகப் பூஞ்சை படர்ந்து, கையில் தண்ணீர் வழிந்தது. விளிம்பில் பல் வெட்டிய கரண்டியால் பசையை முழுப் பரப்பிலும் இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டி முடிந்து காய்ந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அதை மட்டும் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஊட்டியிலிருந்து: வெள்ளை டைல்ஸ் பளிச்சுனு இருக்கு, நடுக்கோடெல்லாம் மஞ்சளாகி கறுத்துப்போச்சு அண்ணா.

டைல்ஸ் இடைவெளியில் அடைக்கிற சிமெண்ட் கிரவுட் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் காயாத ஊரில் அதன் மேலேயே பூஞ்சையும் பிடிக்கும். பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி என்கிற பிசின் கிரவுட் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கறை உள்ளே இறங்காது. மார்கழி, தை உறைபனியில் மட்டும் இந்த வேலை வேண்டாம்; குளிரில் எபாக்சி இறுக வெகுநேரம் பிடிக்கும். வெயில் உள்ள நாளில், நடுப்பகலில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போடட்டும். புதிதாக ஒட்டுபவர்கள் மொசைக்கை விட்டு, ஓரடிக்கு இரண்டடி டைல்ஸாக எடுத்தால் கோடே குறையும். மேடையும் சுவரும் சேருகிற மூலையில் கிரவுட் வெடிக்கும், அங்கே சிலிகோன் சீலண்ட் போடுங்கள்.

குன்னூரிலிருந்து: தாத்தா காலத்து வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர். அப்படியே மேலே ஒட்டலாமா?

கூடாது தம்பி. நகத்தால் கீறினாலே உதிர்கிற காரை டைல்ஸின் எடையைத் தாங்காது. டைல்ஸ் வருகிற உயரத்துக்கு மட்டும் காரையைக் கொத்தி, புதிதாகப் பூசி, ஆறவிட்டு ஒட்டுங்கள். உங்கள் சுவருக்கு எடை குறைந்த செராமிக் போதும். மேல் சுவரில் பழைய சுண்ணாம்பு அப்படியே இருக்கட்டும், அது ஈரத்தை வாங்கி வெளியே விடும்.

மார்பிள் போடலாமா?

வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் மங்கித் திட்டாகும்.

வாடகை வீடு அண்ணா, ஸ்டிக்கர் ஒட்டலாமா?

அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். சூட்டில் சுருங்கும், தீயும் பிடிக்கலாம். இரண்டரை அடிக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வெட்டி வாங்கிச் சாய்த்து வையுங்கள். வீடு மாறும்போது எடுத்துப் போகலாம்.

என்ன நிறம்?

மூடுபனி நாளில் மதியமே லைட் போடுகிற அடுப்படிகள் நம்முடையவை. வெண்ணெய் நிறமோ வெளிர்சாம்பலோ, பளபளப்பாக எடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வாங்குபவர்கள் பெட்டிகளில் ஷேடு நம்பர் ஒன்றுதானா என்று பார்த்தே ஏற்றுங்கள், பத்துக்கு ஒன்று கூடுதலாக. மிச்சத்தைப் பரணில் வையுங்கள். நாலு வருடம் கழித்து ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.