ரப்பரை எடுத்து உள்ளே வையுங்கள்

கேள்வி: நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள். கல்யாணமாகிச் சென்னிமலைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்து 6 வருடம் ஆகிறது. ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். 6 வயது முதல் 13 வயது வரை 22 பிள்ளைகள் வருகிறார்கள். பலகையில் ஒரு படத்தைப் போட்டு, அதைப் பார்த்து வரையச் சொன்னால் தாய்மார்களுக்குத் திருப்தி. சொந்தமாக வரையவிட்டால் ‘ஏனுங்க டீச்சர், மாடு மாடு மாதிரியே இல்லீங்களே’ என்கிறார்கள். அவர்களையும் வரையவைக்க எனக்கு ஆசை. கூப்பிட்டால் ‘எங்களுக்கெல்லாம் எங்கீங்க வரப்போகுது’ என்று சிரித்துக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். கப்பும் சர்டிபிகேட்டும் தராத வகுப்பு எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. நான் எப்படி நடத்தினால் சரியாக இருக்கும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மிணிக்கு,

‘மாடு மாடு மாதிரியே இல்லை’ என்ற வரியை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். அதே மாதிரி ஒரு பிள்ளையிடம் நானும் சொல்லியிருக்கிறேன்.

நான் ஓவிய ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிது. நெசவுக்காரர்கள் நிறைந்த ஊர். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ‘எங்க அப்பா’ என்று ஒரு படம் வரைந்தாள். அவள் அப்பா குழித்தறி நெய்கிறவர். தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்தால்தான் அந்தத் தறி ஓடும். அவள் தரையை ஒரு கோடாகப் போட்டிருந்தாள். கோட்டுக்குக் கீழே குழி, குழிக்குள் இரண்டு கால், ஒவ்வொரு காலிலும் எண்ணி ஐந்து விரல். கால்கள் அப்பாவின் உடம்பைவிடப் பெரிதாக இருந்தன. முகத்தில் கண் உண்டு, வாய் இல்லை. ‘தரைக்கு அடியில் இருக்கிற கால் எப்படிக் கண்ணு வெளியே தெரியும்?’ என்று கேட்டு, ரப்பரை எடுத்து அந்தக் கால்களை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பலகையை நானே நேர்த்தியாக வரைந்தும் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம் வரைந்தாள். அதற்கடுத்த வாரமும் அதே மலை. அந்த வருடம் முழுக்க அவள் தறியை மறுபடி வரையவே இல்லை.

பல வருடம் கழித்துத்தான், பிள்ளைகளின் படங்களை ஆராய்ந்து விக்டர் லோவன்ஃபெல்டு என்ற கலைக்கல்வியாளர் 1947-ல் எழுதியதைப் படித்தேன். அவர் கணக்கில் 2 முதல் 4 வயது வரை கிறுக்கும் பருவம். 4 முதல் 7 வரை உருவங்கள் தோன்றத் தொடங்கும். 7 முதல் 9 வரை பிள்ளை தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரையும், கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்காது. தரைக்கு ஒரு கோடு போடும். சுவர் மறைத்தாலும் வீட்டுக்குள் பாட்டி படுத்திருப்பதைக் காட்டும். எது முக்கியமோ அதைப் பெரிதாகப் போடும். என் வகுப்புப் பிள்ளை செய்ததும் அதுதான். தறி காலால் ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அதைத்தான் அழித்தேன்.

அதனால் முதலில் உங்கள் 22 பிள்ளைகளையும் இரண்டாகப் பிரியுங்கள். 9 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு பக்கம், பெரியவர்கள் மறுபக்கம். சின்னவர்களுக்குப் பலகையில் படம் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ரப்பரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அவர்கள் தாளில் உங்கள் கை படவே கூடாது. அதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். மாடு எங்கே நிற்கிறது, கட்டுத்தரையிலா காட்டிலா? தீவனம் யார் போட்டது? மழையா வெயிலா? ஒவ்வொரு கேள்விக்கும் தாளில் ஏதாவது ஒன்று கூடும். படம் முடிந்ததும் பிள்ளை அதைப் பற்றிச் சொல்வதை, அவள் பேச்சிலேயே, தாளின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வையுங்கள். ‘மாடு மாதிரி இல்லை’ என்கிற அம்மாவிடம் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். உங்கள் விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

பெரிய பிள்ளைகள் விஷயம் நேர்மாறு. 9, 10 வயதானதும் தன் படம் நிஜம் மாதிரி இல்லை என்று பிள்ளைக்கே தோன்ற ஆரம்பிக்கும். ‘எனக்கு வரைய வராது’ என்று நிறையப் பேர் விட்டுவிடுவது இங்கேதான். இந்த வயதில் ‘உன் இஷ்டத்துக்கு வரை’ என்று விடுவது அவர்களைக் கைவிடுவது மாதிரி. பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க வேண்டும். போட்டோவும் பலகைப் படமும் வேண்டாம், நேராகக் கட்டுத்தரைக்கே கூட்டிப் போங்கள். காங்கேயம் மாட்டின் திமில் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேர் நடுமுதுகில் வரைந்திருப்பார்கள், உண்மையில் அது முன்னங்காலுக்கு நேர் மேலே இருக்கும். அப்புறம் பின்னங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நம் முழங்கால் மடங்குகிற பக்கம் மடங்காது. ஏனென்றால் நாம் முழங்கால் என்று நினைப்பது மாட்டின் குதிகால் மூட்டு. அதன் நிஜமான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு எந்த மாட்டையும் பழையபடி வரையாது.

இங்கேதான் தாய்மார்கள் உள்ளே வருகிறார்கள். அவர்களை வரையக் கூப்பிடாதீர்கள், சொல்லித்தரக் கூப்பிடுங்கள். படுத்திருக்கும் மாடு எழும்போது முதலில் எந்தக் கால் எழும்? காலம் முழுக்க மாடு பார்த்த அம்மாவுக்கு இது தெரியும். முன்னங்கால் முட்டியை ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஆறு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறுகிறதே, அந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது என்றும் அவரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் தன் வாயால் விவரித்தவர் ‘இப்படி வளையும் பாருங்க’ என்று கையால் காற்றில் காட்டுவார். அப்போது ஒரு கரித்துண்டை அந்தக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கோலம் போடுகிற கைதானே, இது வராதா என்று மட்டும் இழுக்காதீர்கள். நானும் அப்படிச் செய்து பார்த்தவள். கோலம் புள்ளிக்கணக்கிலும் மனப்பாடத்திலும் ஓடுகிற தனி வித்தை. அதைச் சொன்னால் தாளிலும் கோலத்தையே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

தாய்மார்களுக்கு முதல் பாடமாக நான் வைப்பது மஞ்சள் கிழங்கு. உங்கள் பக்கம் கிழங்குக்கா பஞ்சம்? முகமோ பூவோ கொடுத்தால் ஒரு கோடு தப்பினாலும் தெரிந்துவிடும், பயம் வந்துவிடும். மஞ்சள் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, விரலி தன் இஷ்டத்துக்குக் கிளைக்கும். ஆளுக்கு ஒரு கிழங்கைக் கையில் கொடுத்து, வளையம் வளையமாக ஓடும் வரிகளை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வரைகிற கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள், தாள் தெரியக் கூடாது. கிழங்கின் விளிம்பில் ஓர் எறும்பு ஊர்வதாக வைத்துக்கொண்டு, அந்த எறும்பின் வேகத்திலேயே கண்ணும் கரியும் போகட்டும். ஐந்து நிமிடம், கையை எடுக்காமல். துண்டை விலக்கினால் கோடு கோணல்மாணலாகத்தான் இருக்கும். தாளைப் பார்க்காமல் போட்டதால் யாருக்கும் வெட்கம் இருக்காது. ஆனால் அந்தக் கோணல் கோட்டுக்குள் ஓரிடத்தில் நிஜமான மஞ்சள் கணு ஒன்று அப்படியே விழுந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் விரல் வைத்துக் காட்டுங்கள். ‘அருமை, சூப்பர்’ என்றெல்லாம் சொல்ல வேண்டாம், பெரியவர்கள் அதை நம்புவதில்லை. முதல் இரண்டு மாதம் எதையும் சுவரில் மாட்டவும் வேண்டாம்.

வட்டமாக உட்காரவைக்காதீர்கள், ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக உட்காரட்டும். நேரமும் பிள்ளைகளின் நேரமாக இருக்க வேண்டாம். மத்தியானச் சோறு முடிந்து மாட்டுக்குத் தண்ணி காட்டும் வரைக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும், அதுதான் தோது.

பொருளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். பென்சில் தடிமனில் புளியங்குச்சிகளை ஒரு தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு, அடுப்பில் வையுங்கள். ஓட்டை வழியாகப் புகை வருவது நின்றதும் எடுத்து, நன்றாக ஆறிய பிறகே திறங்கள், சூட்டோடு திறந்தால் பற்றிக்கொள்ளும். துணியில் கலம்காரி ஓவியம் வரைகிறவர்கள் கோடு போடுவதும் புளியங்குச்சிக் கரியால்தான். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்தால் மஞ்சள் நிறம், அதில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. பிள்ளைகள் இதற்குக் கத்துவார்கள், கத்தட்டும். வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்டைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் பழைய பெட்டி போதும்.

சான்றிதழ் கேட்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் பயம் அவர்களுக்கு. அரசுத் தேர்வுத்துறை ஓவியத்தில் கீழ்நிலை, மேல்நிலைத் தொழில்நுட்பத் தேர்வுகள் நடத்துகிறது என்று சொல்லுங்கள். ஆசைப்படும் பெரிய பிள்ளைகளை அதற்கு வேறொரு நாளில் தனியாகத் தயார் செய்யுங்கள். போட்டிக்கு அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது, அது போதும். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குள் கப்பு வரவே வேண்டாம்.

ஒரு நாள் தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரு வண்டியில் ஏற்றி, கோவைக்கு அந்தப்பக்கம் குமிட்டிபதிக்குப் போய் வாருங்கள். அங்கே பாறையில் வெள்ளை நிறத்தில் பழங்காலத்து ஓவியங்கள் இருக்கின்றன, யானையும் உண்டு. தண்ணீர் தெளிக்கவோ தொட்டுப் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள். தள்ளி உட்கார்ந்து, கொண்டுபோன கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அந்த யானையின் கால்களைப் பிள்ளைகள் எண்ணட்டும்.

ஆடி நோம்பிக்குள் அந்த அம்மாக்களில் ஒருவராவது மஞ்சள் கிழங்கை வரைந்துவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். படம் அனுப்ப வேண்டாம். வரைந்து முடித்ததும் அவர் என்ன சொன்னார் என்பதை, அவர் சொன்னபடியே எழுதுங்கள்.